ஈப்பர் போக மூன்று வழி: ப்ரூஜிலிருந்து வேன், ஊரிலேயே தங்கி சைக்கிள், இல்லை கார்

பெல்ஜியம் போகத் திட்டம் போடுபவர்கள் பிரஸ்ஸல்ஸ், ப்ரூஜ் இரண்டையும் முதலிலேயே குறித்துவிடுகிறார்கள். அப்புறம் யாராவது முதல் உலகப் போர்க்களமான ஈப்பர் பற்றிச் சொல்ல, கேள்வி தொடங்குகிறது. ப்ரூஜில் இருந்துகொண்டே ஒரு நாளில் பார்த்துவிட்டு வரலாமா? அங்கே ஓர் இரவு தங்க வேண்டுமா? கார் எடுத்தால் இன்னும் நிறைய இடம் பார்க்கலாம் என்கிறார்களே, அது சரிதானா? மூன்று வழிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே ஊரைக் காட்டுவதில்லை.

ஈப்பர், மேற்கு ஃபிளாண்டர்ஸில் பிரெஞ்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய நகரம். 13-ஆம் நூற்றாண்டில் ப்ரூஜ், கென்ட் நகரங்களுக்கு இணையாகப் பேசப்பட்ட நெசவு ஊர். இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளி இங்கே துணியாகி ஐரோப்பா முழுக்கப் போனது. அந்தப் பணத்தில் எழுந்ததுதான் சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் துணி மண்டபம். நீளம் 120 மீட்டருக்கு மேல், நடுவில் 70 மீட்டர் உயர மணிக்கூண்டு, கட்டி முடிந்தது 1304-இல். அறுநூறு வருடம் நின்ற அந்த மண்டபம் 1914 நவம்பர் 22 அன்று ஜெர்மன் பீரங்கிக் குண்டுகளில் தீப்பிடித்தது. 1918-இல் போர் முடிந்தபோது ஊரில் முழுசாக நின்ற கட்டடம் கிட்டத்தட்ட ஒன்றுகூட இல்லை.

இடிபாடுகளை அப்படியே நினைவிடமாக விட்டுவிட வேண்டும் என்பது சர்ச்சிலின் விருப்பம். ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. திரும்பி வந்து, பழைய உருவத்திலேயே ஊரை மறுபடி கட்டினார்கள். துணி மண்டபத்தின் வேலை முழுதும் முடிய 1967 ஆனது. ஆகவே ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது: ஈப்பரில் நீங்கள் பார்க்கப்போகும் இடைக்காலக் கட்டடங்கள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் கட்டியவை. "அப்படியானால் போலிதானே" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. தன் வீதி எப்படி இருந்ததோ அப்படியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து ஒரு ஊரே கட்டிய வீதி அது. அந்தப் பிடிவாதமே பார்க்க வேண்டிய வரலாறு.

## எதை வைத்து முடிவு செய்வது

பயணச் செலவை மட்டும் கூட்டிப் பார்த்தால் இந்த முடிவு தப்பாகப் போகும். நான் இந்த ஐந்தையும் பார்ப்பேன்.

மாலை 8 மணி. மெனின் கேட் என்ற நினைவு வாயிலில் தினமும் இரவு 8 மணிக்கு "லாஸ்ட் போஸ்ட்" என்ற பியூகிள் இசை ஒலிக்கும். 1928-இல் தொடங்கிய வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலம் தவிர, இன்றுவரை நடந்து வருகிறது. உங்கள் திட்டத்தில் அந்த நேரத்துக்கு ஈப்பரில் இருப்பீர்களா, இல்லையா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

நிலம் புரிய வேண்டும். போர் நடந்த காலம் கிட்டத்தட்ட முழுக்க ஊர் நேச நாடுகளின் கையில் இருந்தது. சுற்றியுள்ள மேடுகளில் ஜெர்மானியர்கள் உட்கார்ந்து மூன்று பக்கமும் பார்த்துச் சுட்டார்கள். மேடு என்றால் மலை இல்லை, கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர்தான். அந்தச் சின்ன ஏற்றம் உங்களுக்குத் தெரிந்தால்தான் ஏன் இவ்வளவு பேர் இங்கே செத்தார்கள் என்பது புரியும்.

கூட வருபவர்கள் யார். வயதான பெற்றோர், சின்னக் குழந்தைகள், முழங்கால் வலி, எல்லாமே கணக்கில் வரும். பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் கழிப்பறை கிடையாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும் விஷயம், ஆனால் அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கு நாளையே மாற்றிவிடும்.

வெளியே தெரியாத செலவு. கல்லறைகளுக்கும் நினைவிடங்களுக்கும் கட்டணம் இல்லை, அருங்காட்சியகங்களுக்கு உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக ஒளிந்திருக்கும் செலவுகள் இருக்கின்றன. கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

இந்தியப் படைகளின் தடம். நம் வாசகர்கள் பலருக்கு இது முக்கியம், ஆனால் வழக்கமான சுற்றுலாவில் இது விட்டுப்போகும். 1914 அக்டோபரிலேயே இந்தியப் படைப்பிரிவுகள் இங்கே போரில் இறங்கிவிட்டன. 129-ஆவது பலூச் படைப்பிரிவின் குதாதாத் கான், ஹோலெபேக் கிராமத்தருகே 1914 அக்டோபர் 31 அன்று காட்டிய வீரத்துக்காக, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றார். இந்தியச் சிப்பாய் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல்முறை. அந்த ஹோலெபேக் ஈப்பருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் இருக்கிறது.

## வழி 1: ப்ரூஜில் தங்கி, வேனில் ஒரு நாள்

அசல் இடைக்கால ஊர் வேண்டும் என்றால் ப்ரூஜுக்கு மேல் இல்லை. கால்வாய், செங்கல் வீடுகள், 83 மீட்டர் மணிக்கூண்டு, அதன் 366 படி எல்லாம் உண்மையிலேயே பழையவை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ப்ரூஜைப் பிடித்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தளமாக வைத்திருந்தார்கள், ஆனால் ஊர் இடியவில்லை. ஈப்பர் எரிந்ததும் ப்ரூஜ் பிழைத்ததும் ஒரே போரில், ஒரே மாகாணத்தில். இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பார்ப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் மனதில் நன்றாகப் பதியும். இந்த வழியின் பெரிய பலம் அதுதான்.

ப்ரூஜிலிருந்து கிளம்பும் சிறிய வேன்கள் காலையில் கூட்டிக்கொண்டு போய், டைன் காட், லாங்கமார்க், எஸ்ஸெக்ஸ் ஃபார்ம், ஹில் 60 போன்ற போர்க் கல்லறைகளையும் போர்க்களங்களையும் காட்டி, ஈப்பர் சதுக்கத்தில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். நல்ல வழிகாட்டி அமைந்தால் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதைவிட அதிகம் கிடைக்கும். வரைபடத்தை விரித்து, "இந்த வேலிக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்த மரத்துக்குப் பின்னால் அவர்கள்" என்று காட்டிச் சொல்ல ஆள் வேண்டியிருக்கும் இடம் இது. வெறும் புல்வெளியாகத் தெரியும் நிலத்தை நாமாகப் படிப்பது கஷ்டம்.

குறைகள் இரண்டு. முதலாவது, நேரம் உங்கள் கையில் இல்லை. டைன் காட்டில் ஒரு பெயரின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது, ஓட்டுநர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டாவது, பகல் சுற்றுகள் பல 8 மணிக்கு முன்பே திரும்பிவிடும். மாலை நிகழ்ச்சியையும் சேர்த்த சுற்றுகள் உண்டு. பதிவு செய்யும்போது "லாஸ்ட் போஸ்ட் சேருமா, மதிய உணவு சேருமா, அருங்காட்சியகச் சீட்டு சேருமா" என்று மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேராவிட்டால் விலை வேறு ஆகிவிடும். ப்ரூஜில் வார இறுதி அறை வாடகையும் ஈப்பரைவிடக் கணிசமாகக் கூடும்.

வேன் வேண்டாம், ரயிலில் போய் வரலாம் என்பவர்களுக்கு: ப்ரூஜிலிருந்து நேர் ரயில் இல்லை. கோர்ட்ரெய்க்கில் இறங்கி மாற வேண்டும், போக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், வரவும் அப்படியே. இறங்கின பிறகும் போர்க்களங்கள் ஊருக்கு வெளியே நான்கு முதல் பத்து கிலோமீட்டரில் சிதறிக் கிடக்கின்றன. ஈப்பரிலேயே கிளம்பும் அரை நாள் வேன் சுற்றை முன்பதிவு செய்யாமல் ரயிலில் போனால் சதுக்கத்தையும் துணி மண்டபத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயர் "ஈப்பர்" என்றுதான் இருக்கும். ஆங்கிலப் புத்தகங்களில் வரும் "ஈப்ர" என்ற பிரெஞ்சுப் பெயரைத் தேடாதீர்கள்.

## வழி 2: ஈப்பரிலேயே தங்கி, சைக்கிளில்

என் மனம் சாய்வது இங்கேதான், காரணங்களைச் சொல்கிறேன்.

முதல் காரணம் அந்த 8 மணி. ஏழே காலுக்கு அறையிலிருந்து கிளம்பி, மெதுவாக நடந்து, கூட்டத்துக்கு முன்னால் ஓர் இடம் பிடிக்கலாம். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு வாயில் வழியாகப் போகும் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். வளைவுக்குள் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களின் பேச்சு தானாக அடங்கும். பியூகிள் ஊதுபவர்கள் உள்ளூர்த் தீயணைப்புப் படையின் தன்னார்வலர்கள். முடிந்ததும் கைதட்டக் கூடாது, அது அங்கே மரபு இல்லை. குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் வாயிலை உண்மையில் பார்க்க முடியும். உடல் கிடைக்காமல் போன 54,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் சுவர் முழுக்கச் செதுக்கியிருக்கின்றன. 1927-இல் திறந்தபோதே இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு காணாமல் போன பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களை டைன் காட்டின் சுவருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கிட்டத்தட்ட 35,000 பெயர். மெனின் கேட்டில் இந்தியப் படைப்பிரிவுகளின் வரிசையைத் தேடிப் பாருங்கள். சீக்கியர், பட்டாணியர், பலூச்சியர் என்று படைப்பிரிவு வாரியாக இருக்கும். பக்கத்துப் புல்மேட்டில் இந்தியப் படைகளுக்குத் தனி நினைவுச்சின்னமும் இருக்கிறது. வேனில் வருபவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

இரண்டாவது காரணம் சைக்கிள். மேற்கு ஃபிளாண்டர்ஸ் தட்டையான நிலம். சைக்கிள் பாதைகளுக்கு எண்கள் உண்டு. சந்திப்புக்குச் சந்திப்பு பலகையில் அடுத்த எண் போட்டிருக்கும். போக வேண்டிய எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போன் பார்க்கவே வேண்டாம். ஊரிலிருந்து வடக்கே கால்வாயை ஒட்டிப் போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எஸ்ஸெக்ஸ் ஃபார்ம். கனடாவின் ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே 1915-இல் வேலை பார்த்த இடம். பாப்பி மலர்களைப் பற்றிய அவருடைய கவிதை இங்கிருந்துதான் வந்தது. காயம்பட்டவர்களைக் கிடத்திய கான்கிரீட் அறைகளுக்குள் குனிந்து நுழையலாம். உள்ளே ஈரம் கசியும், வெளிச்சம் வாசலோடு நின்றுவிடும். பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஸ்ட்ரட்விக் என்ற பையனின் கல் இருக்கிறது. வயது 15.

அங்கிருந்து லாங்கமார்க். ஜெர்மன் வீரர்கள் 44,000-க்கும் மேற்பட்டோர் இங்கே புதைந்திருக்கிறார்கள், அதில் பெரும் பகுதி ஒரே பொதுக்குழியில். பிரிட்டிஷ் தோட்டங்களில் வெள்ளைக் கல், ரோஜாச் செடி. இங்கே கருங்கல் பலகைகள் தரையோடு தரையாகப் பதிந்து, மேலே ஓக் மரங்களின் நிழல். தோற்றவர்களின் துக்கத்துக்கு இவ்வளவுதான் இடம் கிடைத்தது என்று அங்கே நிற்கும்போது தோன்றும். 1915 ஏப்ரல் 22 அன்று மேற்குப் போர்முனையில் முதன்முதலாகப் பெரிய அளவில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டதும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். நான்கு நாள் கழித்து எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பியது இந்தியப் படையின் லாகூர் டிவிஷனை.

பிறகு டைன் காட் நோக்கி மெல்ல ஏறும் பாதை. ஏறுவது கண்ணுக்குத் தெரியாது, தொடைக்குத் தெரியும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் வயல்களுக்கு அப்பால் ஈப்பரின் மணிக்கூண்டு குட்டியாகத் தெரியும். 1917 ஜூலை 31 அன்று தொடங்கிய, பாஷெண்டேல் போர் என்றும் சொல்லப்படும் மூன்றாம் ஈப்பர் போர் நவம்பர் 10 வரை நீடித்தது. அத்தனை மாதத்தில் நேச நாடுகள் முன்னேறியது எட்டு கிலோமீட்டர் அளவுக்குத்தான். அந்தத் தூரத்தைச் சைக்கிளில் நீங்கள் அரை மணி நேரத்தில் கடந்திருப்பீர்கள். எந்த வழிகாட்டி சொன்னாலும் இப்படி உறைக்காது.

டைன் காட், உலகின் மிகப் பெரிய காமன்வெல்த் போர்க் கல்லறைத் தோட்டம். கிட்டத்தட்ட 12,000 கல்லறைகள், அதில் 8,000-க்கு மேல் பெயர் தெரியாதவை. நடுவில் நிற்கும் பெரிய சிலுவை ஒரு ஜெர்மன் கான்கிரீட் காவல்மேடையின் மீது எழுப்பியது. 1922-இல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சொன்ன யோசனை அது. அடியில் ஒரு சின்னத் திறப்பு வழியாக அந்தப் பழைய கான்கிரீட் இன்றும் தெரியும். வரவேற்புக் கூடத்திலிருந்து உள்ளே நடக்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல் பெயரையும் வயதையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது, காலை நேரம். ஊரைச் சுற்றிய பழைய மதில் மேட்டில் விடியலில் நடக்கலாம், கீழே அகழி நீர். குண்டுவீச்சில் தப்பிய கொஞ்சநஞ்சத்தில் இந்த மதிலும் ஒன்று. ஈப்பரில் அசல் பழமை வேண்டும் என்பவர்கள் சதுக்கத்தைவிட இங்கே அதிக நேரம் செலவழிக்கலாம். லில் கேட் பக்கம் மதில் மேலேயே ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம், தண்ணீரைப் பார்த்தபடி.

இனி குறைகள். காற்று. தட்டையான நிலத்தில் எதிர்க்காற்று அடித்தால் பத்து கிலோமீட்டர் இருபதாகத் தோன்றும். மழைக்கோட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள். எடுத்துப் போகாதவர்களுக்கு அதுவும் ஒரு செலவு. ஓட்டிப் பழக்கம் குறைந்தவர்கள் மின்சார சைக்கிள் எடுக்க வேண்டிவரும், வாடகை சாதாரண சைக்கிளைவிட நன்றாகவே கூடும். கிராமங்களில் மதியத்துக்கு மேல் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகக்கூடாது, ரொட்டியும் பழமும் பையில் இருக்கட்டும். அருங்காட்சியகம் குளிர்காலத்தில் திங்கட்கிழமை மூடியிருக்கும். ஞாயிறு இரவு ஊரே அடங்கிப்போகும்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயல் ஓரத்திலோ மின்கம்பத்தின் அடியிலோ துருப்பிடித்த இரும்பு உருளை கிடந்தால் தொடாதீர்கள். நூறு வருடம் கழித்தும் உழும்போது வெடிக்காத குண்டுகள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. விவசாயிகள் அவற்றை ஓரமாக வைப்பார்கள், ராணுவம் வந்து எடுத்துப்போகும். சிலவற்றில் விஷவாயுவும் இருக்கலாம். பையன்களோடு போகிறவர்கள் இதைக் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. "உருளைக்கிழங்கு வறுவல்தானே, பிரச்சினை இல்லை" என்று நினைப்போம். பெல்ஜியத்தில் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது வழக்கம். தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள்.

## வழி 3: கார்

லண்டனிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள், சரியான காரணத்துக்காகத்தான். பிரான்ஸின் கலே ஊரில் இறங்கினால் ஈப்பர் சுமார் நூறு கிலோமீட்டர். அம்மா, அப்பா, பிள்ளைகள், சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாம் ஒரே வண்டியில். பிரிட்டனில் வதிவிட அனுமதி இருந்தாலும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

காரின் உண்மையான பலன் மற்ற இரண்டு வழியிலும் எட்டாத இடங்களுக்குப் போகலாம் என்பது. மேற்கே போப்பரிங்க ஊரில் டால்பட் ஹவுஸ் இருக்கிறது. 1915-இல் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்கள் பதவி வித்தியாசம் பார்க்காமல் உட்கார்ந்து தேநீர் குடித்த வீடு, இன்றும் திறந்திருக்கிறது. பக்கத்தில் லைசன்ஹூக் கல்லறைத் தோட்டம், போர்க்கால மருத்துவமனைகளை ஒட்டி உருவானது. 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளில் சீனத் தொழிலாளர்களின் கற்களும் உண்டு.

இந்திய வாசகர்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது தெற்கே, பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் நூவ் ஷப்பெல். ஈப்பரிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் இருக்கும். 1915 மார்ச்சில் அங்கே நடந்த போரில் தாக்கிய படையில் பாதி இந்தியப் படை. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த நினைவிடம் 1927-இல் திறந்தது. வட்டச் சுவர், உயர்ந்த தூண், தூணின் உச்சியில் தாமரை, அடியில் இரண்டு புலிகள். கல்லறை கிடைக்காத 4,700-க்கு மேற்பட்டோரின் பெயர் சுவரில் இருக்கிறது. பஞ்சாப், கர்வால், நேபாளம் என்று அவர்கள் வந்த ஊர்கள் பெரும்பாலும் வடக்கே. ஆனாலும் சாலையோர வயலுக்கு நடுவில் தேவநாகரி எழுத்தையும் குர்முகி எழுத்தையும் கல்லில் பார்க்கும்போது மனம் சும்மா இருக்காது. சைக்கிளில் இங்கே வந்து போவது பழகியவர்களுக்குத்தான். வழக்கமான ப்ரூஜ் வேன்கள் இங்கே வருவதில்லை. இதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் கார் தவிர வேறு யோசனை வேண்டாம்.

இனி காரின் செலவுகள். பிரான்ஸின் லில் நகரில் வாடகைக்கு எடுத்தால் எல்லை கடக்க ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பிரஸ்ஸல்ஸ், கென்ட், ஆண்ட்வெர்ப் மூன்றிலும் புகை கட்டுப்பாட்டு மண்டலம் உண்டு. வெளிநாட்டுப் பதிவு வண்டியை முன்கூட்டியே பதிவு செய்யாமல் நுழைந்தால் அபராதம் வீடு தேடி வரும். பெல்ஜியத்தில் பலகை இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கமிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை. சின்னச் சந்திலிருந்து ஒருவர் நிற்காமல் வந்தாலும் சட்டம் அவர் பக்கம்தான். இடப்பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு முதல் நாள் முழுக்க இதில் கவனம் போகும். நெடுஞ்சாலைப் பலகையில் லில் நகரத்தின் பெயரை ஃபிளாண்டர்ஸில் "ரைசல்" என்று எழுதியிருப்பார்கள். தெரியாமல் வெளியேறும் பாதையைத் தவறவிட்டவர்கள் நிறைய. சனிக்கிழமை காலை ஈப்பர் சதுக்கத்தில் சந்தை கூடும், அங்கே வண்டி நிறுத்த முடியாது.

பணத்தில் வராத இழப்பு ஒன்றும் இருக்கிறது. வண்டி இருக்கும்போது கை பட்டியலை நீட்டிக்கொண்டே போகும். நான்கு இடம் எட்டாகும், எட்டு பத்தாகும். மூன்றாவது கல்லறைத் தோட்டத்துக்கு அப்புறம் பிள்ளைகள் இறங்கவே மாட்டார்கள். வெள்ளைக் கற்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும். காரில் போகிறவர்கள் ஒரு நாளைக்கு நான்கு இடத்துக்கு மேல் போட வேண்டாம் என்பது என் கறாரான யோசனை.

## ஒரே பார்வையில்

| | ப்ரூஜ் + வேன் | ஈப்பரில் தங்கி சைக்கிள் | கார் |
|---|---|---|---|
| இரவு 8 மணி நிகழ்ச்சி | சுற்றைப் பொறுத்தது, கேட்டுப் பதிவு செய்யவும் | நிச்சயம் | ஈப்பரில் தங்கினால் நிச்சயம் |
| அசல் இடைக்கால ஊர் | ப்ரூஜே அதுதான் | மதில் மட்டும், மற்றவை மறுபடி கட்டியவை | தங்கும் ஊரைப் பொறுத்தது |
| நிலம் புரிவது | வழிகாட்டி நன்றாக இருந்தால் | மிக நன்றாக | குறைவு |
| இந்தியத் தடம் | மெனின் கேட் மட்டும், அதுவும் அவசரமாக | மெனின் கேட், ஹோலெபேக் | நூவ் ஷப்பெல் உட்பட எல்லாம் |
| வயதானவர்கள் | சரிவரும் | கஷ்டம் | மிகவும் வசதி |
| ஒளிந்திருக்கும் செலவு | உணவு, நுழைவுச்சீட்டு, ப்ரூஜ் வாடகை | மின்சார சைக்கிள், மழை | நகர மண்டலங்கள், எல்லை அனுமதி, நிறுத்தக் கட்டணம் |

## யாருக்கு எது

கையில் ஒரே ஒரு நாள்தான், ப்ரூஜ் அறை ஏற்கெனவே போட்டாயிற்று: மாலை நிகழ்ச்சியோடு சேர்ந்த வேன் சுற்றைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பகல் சுற்றே போதும், வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் ரயிலில் தனியாகப் போய் வருவதைவிட வேன் எவ்வளவோ மேல்.

இரண்டு பேர், உடம்பு ஒத்துழைக்கும், மே முதல் செப்டம்பருக்குள்: ஈப்பரில் இரண்டு இரவு. முதல் நாள் வடக்குச் சுற்று, எஸ்ஸெக்ஸ் ஃபார்மிலிருந்து டைன் காட் வரை போய்ச் சோனெபேக் வழியாகத் திரும்புவது. இரண்டாம் நாள் காலையில் துணி மண்டபத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகம், மாலையில் ஹில் 60. 1917 ஜூன் 7 விடியலில் சுரங்கம் தோண்டி வைத்த வெடிமருந்து வெடித்த பள்ளங்கள் அங்கே அப்படியே கிடக்கின்றன. ஒன்றில் தண்ணீர் நிறைந்து வட்டக் குளமாகிவிட்டது.

பள்ளிப் பிள்ளைகளோடு: கல்லறைகளைக் குறைத்து, சோனெபேக்கில் உள்ள பாஷெண்டேல் அருங்காட்சியகத்துக்கு நேரம் கொடுங்கள். நிலத்தடிப் பதுங்கு அறைகளையும் வெளியே பதுங்கு குழிகளையும் மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் உள்ளே நடந்து பார்க்கலாம். வாகனம் எதுவாக இருந்தாலும் இந்த ஒன்று இருக்கட்டும்.

அம்மா அப்பாவோடு: கார், ஈப்பரில் ஓர் இரவு. டைன் காட்டில் வண்டி நிறுத்த இடமும் கழிப்பறையும் இருக்கின்றன, அங்கிருந்து நாளைத் தொடங்குங்கள். மெனின் கேட்டில் நிகழ்ச்சி முடியும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு மடக்கு நாற்காலி ஒன்று கையோடு இருந்தால் நல்லது.

லண்டனிலிருந்து, கார் இல்லாமல்: யூரோஸ்டார் ரயிலில் லில் ஒன்றரை மணிக்குள் வந்துவிடும். அங்கிருந்து கோர்ட்ரெய்க் வழியாக ரயில். பிரஸ்ஸல்ஸ் வரை போய்ச் சுற்றி வர வேண்டியதில்லை.

நவம்பர் 11 அன்றே போக வேண்டும் என்பவர்கள்: அன்று காலை 11 மணிக்கும் மெனின் கேட்டில் பெரிய நிகழ்ச்சி உண்டு. வளைவின் மேலிருந்து பாப்பி இதழ்கள் கொட்டும். உலகம் முழுவதிலுமிருந்து கூட்டம் வரும், அறைகள் பல மாதம் முன்பே தீர்ந்துபோகும், நகரத்துக்குள் வண்டி ஓடாது. அந்த நாளுக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. போப்பரிங்கவில் அறை எடுத்து, காலை ரயிலில் ஈப்பருக்கு வந்து இறங்குவதுதான் நடக்கக்கூடிய வழி.